குடத்திலிருந்து டி.எம்.சி. வரை

(காஞ்சிபுரத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை அமர்வில் பாடநூலின் ‘நீர்’ அலகைப் பற்றி நிறையப் பேசினோம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் அதே தண்ணீரைக் கணக்கு வாத்தியாரின் கண்ணோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு நகரமும் அதைச் சுமக்கும் ஆறும் எவ்வளவு தண்ணீரை வாங்குகின்றன, எவ்வளவைச் செலவழிக்கின்றன, எவ்வளவை வேறு ஊருக்கு அனுப்புகின்றன என்பதை வகுப்பறையிலேயே மதிப்பிட முடியுமா? முடியும். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவியிடமிருந்து.

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. ஒருநாள் விட்டு ஒருநாள் தாமதமாக வருவாள். இரண்டு மூன்று முறை வெளியே நிற்க வைத்தேன். நான்காம் முறை காரணம் கேட்டேன். முதல் முறையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. “எங்க தெருவுல இன்னைக்குத் தண்ணி வர்ற நாளு சார். அம்மா வேலைக்குப் போயிடும். நான்தான் பிடிக்கணும்” என்றாள். எத்தனை குடம் என்று கேட்டேன். “பதினெட்டு” என்றாள், யோசிக்காமல்.

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் சராசரி. நூலில் இருந்த கிரிக்கெட் ஓட்டங்களை விட்டுவிட்டு, கரும்பலகையில் 18 குடம் என்று எழுதினேன். பள்ளியில் இருந்த பிளாஸ்டிக் குடத்தை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்தோம். கழுத்து வரை 14 லிட்டருக்குப் பக்கத்தில் வந்தது. 18 குடம் என்றால் 252 லிட்டர். வீட்டில் 5 பேர், 2 நாளைக்கு. ஆக ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 லிட்டர்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வழங்க வேண்டும் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு சொல்லும் அளவு. கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தின் குறைந்தபட்ச அளவு 55 லிட்டர். இந்த இரண்டையும் பக்கத்தில் எழுதினேன். வகுப்பு அமைதியானது.

அப்போது அந்தப் பிள்ளையே கை தூக்கினாள். “சார், அது குடிக்க, சமைக்க மட்டும். குளிக்க, துவைக்க அடிபம்புல அடிப்போம்.” ஒரு நாளைக்கு எட்டு வாளி, வாளிக்கு 15 லிட்டர். ஒருவருக்கு இன்னொரு 24 லிட்டர் சேர்ந்தது. 25 லிட்டர் 49 ஆனது.

என் கணக்கு தப்பில்லை, எல்லைதான் தப்பு. குழாயை மட்டும் கணக்கில் எடுத்தேன், அடிபம்பை விட்டுவிட்டேன். தண்ணீர்க் கணக்கில் முதல் பாடம் இதுதான்: எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வரவும் செலவும்

வீட்டுக்கு நோட்டுப் புத்தகம் போட்டுக் கணக்கு எழுதுகிறோம். வரவிலிருந்து செலவைக் கழித்தால் இருப்பு. ஆற்று வடிநிலத்துக்கும் அதே கணக்குத்தான்.

வரவுப் பக்கம் மூன்று இனங்கள்: பெய்யும் மழை, மேல்பகுதியிலிருந்து ஆற்றில் வரும் நீர், வேறு வடிநிலத்திலிருந்து குழாயிலோ கால்வாயிலோ கொண்டுவரும் நீர். செலவுப் பக்கம் நான்கு: ஆவியாகிப் போவது, பயிரும் மனிதரும் தொழிலும் தீர்ப்பது, கடலுக்குப் போவது, வேறு வடிநிலத்துக்கு அனுப்புவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏரியிலும் நிலத்தடியிலும் இருப்பாக ஏறும் அல்லது இறங்கும்.

நம் ஊருக்கு இந்த எல்லையை வரைவோம். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. மொத்த நீளம் 348 கி.மீ. அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கி.மீ. காஞ்சிபுரம் நகரை ஒட்டி ஓடும் வேகவதியும், தெற்கிலிருந்து வரும் செய்யாறும் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கின்றன. பிறகு வயலூர் அருகே கடல். நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு ஓரிக்கை, திருப்பாற்கடல் போன்ற இடங்களில் பாலாற்று மணலுக்கு அடியிலிருந்து வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். மாணவர்கள் “ஆத்துல தண்ணியே இல்லையே சார்” என்பார்கள். இருப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

மூன்று அளவுகள் போதும்

தண்ணீரைப் பற்றிய செய்தியில் டி.எம்.சி., எம்.எல்.டி., கன அடி என்று வரும். மூன்றையும் குடத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள்.

முதலாவது: ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். இதை நிரூபிக்கும் பெருக்கலை மாணவர்களே செய்யட்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 10 லட்சம் லிட்டர். 10 லட்சம் லிட்டர் ஒரு நாளில் போனால் அதுதான் ஒரு எம்.எல்.டி.

இரண்டாவது: ஒரு கன அடி 28.3 லிட்டர். ஏறக்குறைய இரண்டு குடம். ஆற்றில் வினாடிக்கு ஆயிரம் கன அடி ஓடுகிறது என்றால், ஒவ்வொரு வினாடியும் இரண்டாயிரம் குடம் நம்மைத் தாண்டிப் போகிறது.

மூன்றாவது: டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,832 கோடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. ஆற்றில் ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுவதும் ஓடினால் 8.64 டி.எம்.சி. அதாவது, பெருவெள்ளத்தின் ஒரே நாளில் இரண்டு செம்பரம்பாக்கத்துக்கு மேல் கடலுக்குப் போய்விடும். ‘பற்றாக்குறை’யும் ‘வெள்ளமும்’ ஒரே ஊரில் எப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு இந்த ஒரு பெருக்கல் பாதி விடை தரும்.

இப்போது நகரத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் அன்றைய நகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 1.64 லட்சம். ஒருவருக்கு 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 2.2 கோடி லிட்டர், அதாவது 22 எம்.எல்.டி. ஆண்டுக்கு 808 கோடி லிட்டர். டி.எம்.சி.யில் சுமார் 0.29. நம் பகுதியின் ஆண்டு மழையைத் தோராயமாக 1,200 மி.மீ. என்று வைத்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 120 கோடி லிட்டர். ஆறே முக்கால் சதுர கிலோமீட்டரில் பெய்யும் மொத்த மழையும் சிந்தாமல் கிடைத்தால் நகரத்தின் தேவை தீரும்.

“அவ்வளவுதானா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அடுத்த கேள்வியை நாம் கேட்க வேண்டும்: சிந்தாமல் கிடைக்குமா? மழையில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகிறது. அதுவும் வடகிழக்குப் பருவத்தில் சில நாளில் கொட்டிவிடுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் ஏரியில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானால் 50 லட்சம் லிட்டர் மாயமாகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அளவுகோலால் தினம் அளந்தால் போதும்.

எல்லை தாண்டும் தண்ணீர்

அடுத்தது இடமாற்றம். நம் மாவட்டத்தின் தண்ணீர்க் கதையில் இதுதான் மிகச் சுவையான பகுதி.

இது புதுப் பழக்கம் அல்ல. வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய அணைக்கட்டிலிருந்து மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிகின்றன. தூசிக் கால்வாய் மாமண்டூர் ஏரிப் பக்கம் போகிறது. அந்த ஏரி பல்லவர் காலத்தது. அது பாலாற்று வடிநிலத்துக்குள்ளேயே நடக்கும் பங்கீடு. ஆனால் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் உபரிநீர் கொசஸ்தலையாற்றுக்குப் போகிறது. அங்கே ஒரு வடிநிலத்தின் நீர் இன்னொன்றுக்குத் தாவிவிட்டது. இன்று தாம்பரம், பல்லாவரம் பகுதிகளுக்கும் பாலாற்று மணலிலிருந்து நீர் போகிறது. அந்தப் பகுதிகள் அடையாறு வடிநிலத்தைச் சேர்ந்தவை. பாலாற்றின் ஏட்டில் அது செலவு. அடையாற்றின் ஏட்டில் அதே அளவு வரவு.

சென்னையின் ஏட்டைப் புரட்டினால் இன்னும் தூரத்திலிருந்து வரவு வருகிறது. 1983-இல் ஆந்திரத்தோடு செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் தமிழக எல்லைக்கு வர வேண்டும். ஒதுக்கீடு 15; வழியில் ஆவியாவதற்கும் கசிவதற்கும் 3 டி.எம்.சி. கழித்தே ஒப்பந்தம் எழுதினார்கள். இழப்பை முன்கூட்டியே கணக்கில் எழுதிய நேர்மையை மாணவர்களுக்குக் காட்டலாம். ஒப்பந்த அளவு முழுதும் எல்லா ஆண்டும் வந்துவிடுவதில்லை என்பதையும் காட்ட வேண்டும். ஏட்டில் ‘வர வேண்டியது’, ‘வந்தது’ என்று இரண்டு பத்திகள் போடுங்கள். அந்த நீர் ஸ்ரீசைலம், சோமசிலை, கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வந்து, அங்கிருந்து இணைப்புக் கால்வாயில் செம்பரம்பாக்கம் வரை வருகிறது. 2004 முதல் வீராணம் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 180 எம்.எல்.டி. கொண்டுவரும் திட்டம் இருக்கிறது. அது காவிரி நீர்.

2019-ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்க முடியாது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்திவரதர் தரிசனம். 1979-க்குப் பிறகு 40 ஆண்டு கழித்து அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் வெளியே வந்தார். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று அப்போது செய்திகள் சொன்னன. அதே ஜூலை 12-இல் சென்னையின் தாகத்துக்காக ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் புறப்பட்டது. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

இரண்டையும் வகுப்பில் கணக்காக்கினோம். வீராணம் குழாய் ஒரு நாளில் தரும் நீரை ரயிலில் கொண்டுவர எத்தனை நடை வேண்டும்? 72. ரயில் தொலைக்காட்சியில் பெரிதாகத் தெரிந்தது. மண்ணுக்கு அடியில் போகும் குழாய் தெரியவில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது கணக்கில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கு: ஒரு கோடிப் பேர், 48 நாள் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் பேர். ஊரின் மக்கள்தொகையை விட அதிகம். ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்? ஒரு குழு 10 லிட்டர் என்றது. 20 லட்சம் லிட்டர் வந்தது. இன்னொரு குழு, தங்கிக் குளிப்பவர்களும் உண்டு என்று 40 லிட்டர் போட்டது. 80 லட்சம் வந்தது. எது சரி என்று என்னைக் கேட்டார்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கலாம் என்றேன். ஒருவன் முகம் சுளித்தான். கணக்கு என்றால் ஒரே விடை என்று பழக்கியது நாம்தானே? ‘20 முதல் 80 லட்சம் லிட்டர் வரை, இன்னின்ன ஊகத்தின்படி’ என்று எழுதுவதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான் என்று அன்றைக்குச் சொன்னேன்.

எடுத்த நீர், தீர்ந்த நீர்

நகரத்துக்குள் வந்த நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்வார்கள். 22 எம்.எல்.டி. வந்தால் 17, 18 எம்.எல்.டி. வெளியே போகும். அது தீர்ந்துபோன நீர் இல்லை. இடமும் தரமும் மாறிய நீர். நிலத்தில் இறங்கினால் கீழ்ப்பகுதிக் கிணற்றில் மறுபடி ‘வரவு’ ஆகும். எடுத்ததையெல்லாம் செலவு என்று கூட்டினால் ஒரே நீரை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆலையின் திறன் 45 எம்.எல்.டி. கிருஷ்ணாவிலோ காவிரியிலோ புறப்பட்ட ஒரு குடம் தண்ணீர், சென்னையில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவி, கோயம்பேட்டில் சுத்தமாகி, நம் மாவட்டத்துத் தொழிற்சாலையில் மறுபடி வேலை செய்கிறது. இதைப் படமாக வரையச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அருமையாக வரைவார்கள்.

நான் செய்த தவறு

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் கணக்கை எல்லோரும் எழுதி வந்த நாளில், ஒவ்வொருவரையும் எழுந்து வாசிக்கச் சொன்னேன். மோட்டார் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 200 லிட்டர் என்றார்கள். சிலர் 40 என்று தாழ்ந்த குரலில் வாசித்தார்கள். ஒரு பையன் வீட்டில் சாயப்பட்டறை. அவன் வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: “இவங்கதான் சார் மஞ்சள்நீர் கால்வாயைக் கெடுத்தது.” மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாத்தா ஐம்பது ஆண்டாகச் சாயம் போடுகிறவர். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “தண்ணி செலவாவல சார். வந்த தண்ணி அப்படியே போவுது. நெறந்தான் மாறிப் போவுது” என்றார்.

நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அவரிடமே கணக்குக் கேட்டேன். ஒரு சேலைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நூல். நூலின் எடையைப் போல் முப்பது மடங்கு தண்ணீர் ஒரு தொட்டிக்கு, 15 லிட்டர். பசை எடுக்க, அலச, சாயம் ஏற்ற, மறுபடி அலச என்று ஏழு முறை மாற்றினால் சுமார் 105 லிட்டர். பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆனால் அளவின் பருமன் தெரிந்துவிட்டது. ஒருவர் ஒரு நாளைக்குப் பெற வேண்டிய 135 லிட்டரை விடக் குறைவு.

மறுவாரம் அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். அவன் சம்மதித்த பிறகுதான். சேலைக்கு 105 லிட்டர் என்று எழுதினான். பக்கத்தில் நான் எழுதினேன்: ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக 2,500 லிட்டர். ஆகவே பட்டறையின் சிக்கல் அளவு அல்ல, தரம். கோராப் பட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை பசை. அது சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் கரைந்து வெளியேறுகிறது. அதோடு சாயமும் சேர்ந்து கால்வாய் வழியே நத்தப்பேட்டை ஏரிப் பக்கம் போனால், சில நூறு லிட்டர் பல்லாயிரம் லிட்டரைக் கெடுக்கும். அந்தக் கால்வாயில் வீட்டுச் சாக்கடையும் கலக்கிறது என்பதையும் பிள்ளைகளே சொன்னார்கள். குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்த வகுப்பு, சுத்திகரிப்பு எங்கே நடக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தது.

இன்னொன்றும் தெரிந்தது. நம் தறிக்கு வரும் பட்டில் பெரும்பங்கு கர்நாடகத்துப் பட்டு. அங்கே மல்பெரிச் செடிக்குப் பாய்ச்சிய நீர் நூலுக்குள் மறைந்து காஞ்சிபுரம் வருகிறது. சேலை விற்கும்போது ஊர் ஊராகப் போகிறது. பேராசிரியர் டோனி ஆலன் இதற்கு ‘மறைநீர்’ என்று பொருள்படும் பெயர் கொடுத்தார். 2008-இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது. கால்வாயும் குழாயும் இல்லாமலே நடக்கும் நீர் இடமாற்றம் இது. பாலாறு பிறக்கும் மாநிலத்திலிருந்து நமக்கு ஆற்றில் வராத தண்ணீர், நூலில் வருகிறது என்று ஒரு மாணவி எழுதினாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வகுப்புக்கு எடுத்துச் செல்ல

தொடக்க நிலை ஆசிரியர்களே, உங்களுக்குக் குடமும் பாட்டிலும் போதும். முகத்தலளவைப் பாடத்தில் பிள்ளைகள் முதலில் ஊகிக்கட்டும், பிறகு அளக்கட்டும். ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதட்டும்.

நடுநிலை வகுப்புகளில் பள்ளிக் கூரையை அளக்கலாம். 500 சதுர மீட்டர் கூரை, 1,200 மி.மீ. மழை, 80 விழுக்காடு கிடைத்தால் 4.8 லட்சம் லிட்டர். 400 மாணவர்கள் ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 220 நாள் பயன்படுத்தினால் 4.4 லட்சம் லிட்டர். உங்கள் பள்ளிக்கு எண்கள் மாறும். தேக்கி வைக்கத் தொட்டி எவ்வளவு பெரிது வேண்டும் என்ற கேள்வியில்தான் உண்மையான கணக்கு தொடங்கும்.

உயர்நிலை வகுப்புகளில் வரவு செலவு ஏடு போடலாம். மழையளவு, ஏரிகளின் நீர் இருப்பு எல்லாம் நாளிதழில் வருகின்றன. லாரித் தண்ணீர் எந்த ஏட்டிலும் எளிதில் வராது. பள்ளி முன்னால் ஒரு மணி நேரத்தில் எத்தனை லாரி போகிறது என்று எண்ணலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டுக் கணக்கைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். வகுப்பின் சராசரியை மட்டும் பேசுங்கள். தண்ணீர்க் கணக்கு சீக்கிரமே வசதிக் கணக்காக மாறிவிடும். அதில் எந்தப் பிள்ளையும் தலைகுனியக் கூடாது.

நான் வெளியே நிற்க வைத்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவள் தெருவில் தண்ணீர் வரும் நாட்களில் முதல் பாடவேளையைக் கணிதத்திலிருந்து வேறு பாடத்துக்கு மாற்ற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். முடியவில்லை. ஆனால் அந்த நாட்களில் தாமதமாக வருபவர்களுக்கு விட்ட பகுதியை மதியம் பத்து நிமிடம் நடத்துகிறேன். ஆறேழு பேர் வருகிறார்கள். அவர்களில் நான்கு பேர் தண்ணீர் பிடித்துவிட்டு வருகிறவர்கள் என்பது, அதுவரை எனக்குத் தெரியாது. நான்கு பேரும் பெண் பிள்ளைகள்.

ஒரு நகரத்தின் தண்ணீர்க் கணக்கில் 22 எம்.எல்.டி. என்று எழுதும்போது, அதில் ஒரு சிறு பகுதி அந்த நான்கு பேரின் இடுப்பில் வருகிறது. அவர்கள் செலவழிக்கும் நேரத்துக்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. உங்கள் வகுப்பில் அந்தப் பத்தியையும் போடுங்கள்.